மூன்றாம் நம்பர்

என்னிடம் நான்கு பேட்டரிகள்.
நகப்பூச்சால் எண் போட்டு வைத்திருக்கிறேன்.
ஒன்று, கேமராவோடு வந்தது. கிழடு, ஆனால் நாணயஸ்தன்.
இருபது நிமிடம் என்றால் இருபது.
இரண்டும் நான்கும் பாலிகா பஜாரில்,
அசலே அசல் என்று கடைக்காரன்
மகன் தலையில் கைவைக்காத குறையாக விற்றவை.
மூன்று எப்படி வந்ததென்று ஞாபகமில்லை.

மூன்று பேசுவதே தனி.
எண்பத்திரண்டு நிமிடம் பாக்கி என்று காட்டும்.
எழுபத்தொன்பது என்று காட்டும்.
அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்,
சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நழுவுகிறவனைப் போல.

தை மாதம், மயூர் விஹாரில் ஒரு பூங்கா.
ஷாமியானாவுக்குள்ளேயே பனிமூட்டம்,
தோரணத்து மாவிலை விறைத்துக் கிடந்தது.
முகூர்த்தம் ஆறு மணிக்கு, சூரியன் ஏழேகாலுக்கு.
கும்பகோணத்தில் யாரோ குறித்துக்கொடுத்த நேரம்.
தில்லிக் குளிருக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

குளிரில் பேட்டரி பாதியாகும்.
எந்தக் கையேட்டிலும் படித்ததல்ல:
ஐந்து குளிர்காலம், இரண்டு சண்டை,
திரும்பி வந்த ஒரு செக்.
ஆகவே இரண்டை அக்குளில் வைப்பேன்,
நான்கை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு ஒட்டி.
லைட் பிடிக்கும் ராம்சேவக் கேட்பான்:
"பாய்சாப், குஞ்சு எப்போது பொரிக்கும்?"

பிளக் பாயின்ட் ஒன்று இருந்தது, பொய் சொல்லவில்லை.
அதில் மாப்பிள்ளையின் மாமா
ஹீட்டரைச் செருகிக் கால் காய்ந்துகொண்டிருந்தார்.
பிடுங்கச் சொல்ல வாய் வரவில்லை.
பணம் தர வேண்டியவரும் அவரே.

காசி யாத்திரையோடு ஒன்று முடிந்தது.
ஊஞ்சலில் இரண்டு.
கூறைப்புடவை கட்டிக்கொண்டு மஞ்சரி
திரும்பி வரும்போது நான்கு சிவப்பில் துடித்தது.
மிச்சம் மூன்று.

எண்பத்திரண்டு.
எழுபத்தொன்பது.
சுதாகர் கை தாலியோடு உயர்ந்தது.
கறுப்பு.

குனிந்தேன். பையின் ஜிப் மாட்டிக்கொண்டது.
விரல் மரத்திருந்தது.
கெட்டிமேளம் கேட்டது.
முதுகில் அட்சதை விழுந்தது,
யாருக்கோ போட்டது, குறி தப்பி.
நிமிர்ந்தபோது எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள்.
அந்தக் கூடாரத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள்
பார்ப்பதற்காகக் கூலி பேசிய நான்.

அக்குள் சூட்டில் ஒன்று மறுபடி நான்கு நிமிடம் உயிர்த்தது.
ஏழடிக்குப் போதும். அதிலும் வழக்கம்போல
கால்களை மட்டும் எடுத்தேன்.
பஞ்சகச்சத்தின் ஓரம், மருதாணி, மெட்டி,
அம்மியில் ஒரு குதிகால்.

நாலு வருடம் கழித்து அட்வகேட் தனேஜாவின் அறை.
சடங்கு முடியவில்லை, கல்யாணமே செல்லாது
என்கிறதாம் மாப்பிள்ளை தரப்பு.
லேப்டாப்பில் என் கேசட் ஓடியது.
"தாலி எங்கே?"
பேட்டரி, என்றேன்.
"போட்டோவில்?"
போட்டோவில் மாமாக்களின் முதுகு.
"இந்தக் கால்கள் யாருடையவை?"
அவளுடையவை, அவருடையவை.
"முகம் தெரியவில்லையே."
கலை என்று நினைத்து எடுத்தேன் மேடம்,
என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது?
"சரி, கேமரா போகட்டும். நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா?"

மேசையில் அவர் செல்போன் சார்ஜாகிக்கொண்டிருந்தது.
நூறு என்று காட்டியது.
நூறை நம்புகிற முகம் அவருக்கு.
மேளம் கேட்டேன் என்றேன்.
எழுதிக்கொண்டார், பிறகு அடித்துவிட்டார்.

மூன்று இன்னும் என் டிராயரில் இருக்கிறது.
சார்ஜரில் போட்டால் பச்சை எரியும்.
தூக்கிப் போடத்தான் நினைக்கிறேன்,
ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சையைப் பார்த்து
ஒருவேளை, என்று தோன்றிவிடுகிறது.

வெளியே பெஞ்சில் மஞ்சரி உட்கார்ந்திருந்தாள்.
மடியில் ஃபைல், காலில் ஷூ.
நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடுவதற்குள் அவள் கேட்டாள்:
"அண்ணா, உங்க மிச்சப் பணம்
அந்த மாமா குடுத்தாரா?"

பாதி, என்றேன்.